சத்தம் போடாத வண்டி

அந்தத் தெருவில் அவளைக் கர்ட்டன்காரம்மா என்றுதான் சொல்வார்கள். கடையில் மிஷின் முன்னால் உட்கார்ந்து அவள் திரைச்சீலை தைப்பாள். கணவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மாட்டிவிட்டு வருவார். அதனால் அவர் ஏணிக்காரர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் பாங்கில் கையெழுத்துப் போட மட்டும் பயன்பட்டன.

கல்யாணமான புதிதில் வாங்கிய டீசல் வேன் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதைக் கிளப்பினால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும். உள்ளே உட்கார்ந்து பேசுவதென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். "பால் வாங்கணும்!" "என்னது?" "பாலுன்னேன், பாலு!" இப்படித்தான் அவர்கள் குடித்தனம் ஓடியது. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒருநாள் பதறிப்போய்க் கதவைத் தட்டி, "எதுவா இருந்தாலும் பொறுமையா பேசித் தீத்துக்கோங்க" என்றார்கள். உள்ளே இருவரும் சமையலுக்கு உப்பு போதுமா என்று கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

பையனும் பெண்ணும் வேனின் பின்பக்கம், துணி உருளைகள் மேல் படுத்துத் தூங்கியே வளர்ந்தார்கள். வெல்வெட் ஏற்றிய நாளென்றால் இறங்கவே மாட்டார்கள். கூரையில் கட்டிய ஏணி தடதடவென்று அடித்துக்கொள்ளும், கதவு கிடுகிடுக்கும், பிள்ளைகள் பாட்டுக்குத் தூங்கும். வேன் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து அழும்.

பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊர்களில் குடும்பமாகிவிட்டார்கள். ஏணி ஏறி ஏறி ஏணிக்காரரின் இடது முழங்கால் தேய்ந்துபோய் ஆபரேஷன் வரைக்கும் போனது. "ஏணிப் பக்கமே போகக் கூடாது. கிளட்ச் மிதிக்கிற வண்டியும் வேண்டாம்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாட்டும் வேலையை வெளி ஆட்களிடம் விட்டாகிவிட்டது. வண்டி மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

"சின்னதா ஒரு ஆட்டோமேட்டிக் கார் பாருங்கம்மா" என்றான் பையன் போனில்.

பார்த்தார்கள். முதல் காரில் ஏணிக்காரர் உட்கார்ந்தார், அவ்வளவுதான். தரையோடு தரையாக இருந்த அந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. அவள் ஒரு கையைப் பிடிக்க, விற்க வந்தவர் இன்னொரு கையைப் பிடிக்க, கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். "உயரமா இருக்கறது பாரு" என்றார் மூச்சு வாங்கியபடி.

அப்போதுதான் பல் டாக்டரம்மாவின் வண்டி அவள் நினைவுக்கு வந்தது. பழைய வாடிக்கை. கிளினிக்கை மூடிவிட்டுத் தூர தேசத்தில் இருக்கும் மகளிடம் போகப்போவதாகவும், தன் பெரிய எஸ்யூவியை விற்கப்போவதாகவும் சொல்லியிருந்தார். கரும்பச்சை நிறம், தோல் சீட், கண்ணாடிக் கூரை. பெட்ரோலிலும் ஓடும், மெதுவாகப் போகும்போது பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட். ஜன்னல் அளவெடுக்கப் போன நாட்களில் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கையை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"நமக்கெதுக்கு அவ்ளோ உசத்தி வண்டி?" என்றார் ஏணிக்காரர்.

"ஆயுசு பூரா தகரத்துல உருண்டாச்சு. ஒரு தடவையாவது மெத்துனு உக்காரணும் எனக்கு."

அவர் டாக்டரம்மாவின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

"பழைய ஹைபிரிட்னா பேட்டரியப் பாக்காம காசு குடுக்காதீங்க" என்று பையன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். டாக்டரம்மாவும் கூடவே வர, மெக்கானிக்கிடம் காட்டினார்கள். கருவியை மாட்டிப் பார்த்த அவர், "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் சூடாகுது" என்றார். பின்சீட்டின் அடியில் குனிந்து ஒரு சின்ன ஜன்னலைக் காட்டினார். "இது வழியாத்தான் பேட்டரி மூச்சு விடும். என்னமோ அடைச்சிருக்கு." உள்ளேயிருந்த வடிகட்டியை உருவினார். கம்பளி மாதிரி ஒரு பந்து கூடவே வந்தது. பழுப்பு ரோமம்.

"வீட்ல நாய் வளத்தீங்களாம்மா?"

டாக்டரம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டார். "இந்த சீட்டு அவனுக்குத்தான். வேற யாரையும் உக்கார விடமாட்டான். போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு. வண்டியத் துடைச்சுத் துடைச்சுக் கழுவினேன். இங்க இருந்திருக்கான் பாருங்க."

"எங்க அளவு டேப்ப மென்னு தின்னானே, மறந்துட்டீங்களா?" என்றாள் கர்ட்டன்காரம்மா. "பாதி டேப்ப வெச்சுக்கிட்டு உங்க ஹாலுக்கு அளவெடுத்தேன்!"

டாக்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்த ரோமப் பந்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். மெக்கானிக் டயரைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடைப்பை எடுத்ததும் சூடு இறங்கியது. ஓட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ஏணிக்காரர் பட்டனை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினார்.

"செத்துப் போச்சு!" என்று வேனில் கத்துகிற குரலில் கத்தினார்.

பின்னால் இருந்த டாக்டரம்மா துள்ளி விழுந்தார். "ஆன்லதாங்க இருந்துச்சு. நீங்கதான் மறுபடி அமுக்கி அணைச்சிட்டீங்க."

வண்டி ஓசையில்லாமல் கிளம்பியது. தெருவுக்கு வந்ததும் அவள் காதில் ஒரு மெல்லிய குரல் விழுந்தது. ரேடியோ என்று நினைத்தாள். இல்லை, அவர்தான். வண்டி ஓட்டும்போது அவர் உதடு அசைவதை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறாள். மற்ற வண்டிக்காரர்களைத் திட்டுகிறார் என்றே நினைத்திருந்தாள்.

"மஞ்சப் பூ போட்டது... மேல் மாடி, கம்பி கோணல். இது டீச்சர் வீடு, நீலம். இன்னும் மாத்தல, பாரேன்... இந்த சாம்பல் கலரு. இத தைக்கும்போது உனக்கு நெற மாசம். குனியக்கூட முடியல, பாவம். போதும் விடுன்னா கேட்டியா?"

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மாட்டிய ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வந்து இறங்கியதும், "வாங்கிக்கறோம்" என்றாள்.

"வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு டாக்டரம்மா."

வேனைப் பூக்கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். கொடுப்பதற்கு முன் அவள் உள்ளே கூட்டிப் பெருக்கினாள். திரைக் கொக்கிகள், வளையங்கள், விறைப்பாகக் காய்ந்துபோன ஒரு குழந்தைக் காலுறை. ஏணிக்காரர் வெளியே நின்று, "ரெண்டாவது கியர் அடம் பிடிக்கும்! கோவப்படாம போடுங்க!" என்று கத்தினார். வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் அதன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மற்ற சத்தங்களோடு அது கலந்து கரையும்வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

அன்று சாயங்காலம் அவள் மெல்லக் கேட்டாள். "வண்டியில தனியா என்னமோ பேசறீங்களே, எத்தனை வருஷமா?"

"தனியாவா?" அவர் நிமிர்ந்தார். "உங்கிட்டதானே பேசிட்டு வந்தேன்?"

"எங்கிட்டயா? எனக்கு ஒரு வார்த்தை கேட்டதில்லையே!"

"கேக்காமயா? நீ தலையாட்டிக்கிட்டே வருவியே!"

"ஐயோ, அது வேன் ஆட்டின தலைங்க!"

அவர் திகைத்துப்போனார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடங்குவதற்கு வெகுநேரம் ஆனது. அடங்கியபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது போலிருக்கிறது. "அவ்ளோ பேசினேனே" என்றார்.

அதன்பின் அவர் பேசினால் அவள் பதில் சொன்னாள். "அது பச்சை இல்லங்க, நீலம்" என்று சண்டையும் போட்டாள். முழங்கால் வலிக்கும் நாட்களுக்காக அவளே ஓட்டவும் கற்றுக்கொண்டாள். ஆளில்லாத மைதானத்தில் அவள் பழகியபோது பக்கத்தில் இருந்த ஏணிக்காரர் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, நல்ல காலையும் வலி எடுக்க வைத்துக்கொண்டார்.

முதல் நீண்ட பயணம் பெண்ணின் ஊருக்கு, கர்ட்டன்காரம்மாவே ஓட்டிக்கொண்டு. ஊர் எல்லை தாண்டி வயல்வெளி வந்ததும் அவர் பேச்சு நின்றது.

"ஏங்க, சும்மா வர்றீங்க?"

"இங்க நாம மாட்டின வீடு ஒண்ணும் இல்லையே."

"அப்ப வேற ஏதாவது சொல்லுங்க."

அவர் யோசித்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி ரொட்டிக் கடையில வேலை பாத்தனே, அங்க என்னை ஏன் துரத்தினாங்கன்னு சொல்லியிருக்கேனா?"

"சொல்லியிருப்பீங்க. மறுபடி சொல்லுங்க."

அவர் ஆரம்பித்தார். முதலாளியின் சுபாவம், அடுப்பின் சூடு, கருகிப்போன ஒரு தட்டு ரொட்டி என்று கதை நீண்டுகொண்டே போனது. நடுவில் பெண்ணின் வீடு வந்துவிட்டது. அவள் வண்டியை வாசலில் நிறுத்தினாள். ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.