ஹாரன் அடிக்கக் கூடாத திங்கட்கிழமை

ஹாரன் அடிக்காமல் கடந்து போகிற ஓட்டுநரை எங்கள் டெச்சிமான் ஊர் இரண்டே வகையில் சேர்க்கும். ஒன்று, ஹாரன் கெட்டுப்போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அவனுக்குத் தலைக்கனம். ஒரு பீப் என்றால் காலை வணக்கம். இரண்டு என்றால் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேள்வி. நீளமாக ஒன்று இழுத்தால், உன் மாமா செத்த சேதி கேட்டேன், சனிக்கிழமை அடக்கத்துக்கு வந்துவிடுகிறேன் என்று பொருள். பாதிக் குடும்ப விவகாரம் இங்கே ஹாரனில்தான் நடக்கிறது.

அஃப்ரியே அபோபோயா என்கிற மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் சரக்குப் பெட்டி, தலைக்கு மேலே வெறும் வானம். அதில் சேனைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சந்தைச் சாலையில் அவள் வந்தால், பீப் பீப் என்று தெருவே விசாரிக்கப்பட்டுவிடும். போன வருடம் எலி ஹாரன் வயரைக் கடித்துவிட்டது. அந்தச் சில நாட்கள், சாலை முனையில் வாழைக்காய் சுட்டு விற்கும் நாத்தனார் டச்சிவாவை அவள் சத்தமில்லாமல் கடந்து போனாள். அவ்வளவுதான், டச்சிவா பேச்சை நிறுத்திவிட்டாள். "என் தம்பியக் கட்டிக்கிட்டவ என்னைக் கரண்ட் கம்பத்தைத் தாண்டுற மாதிரி தாண்டிப் போறா" என்று பஞ்சாயத்து வரை போய், ஈஸ்டருக்குத்தான் ஒருவழியாக ராசியானார்கள். ராசிக்கு இரண்டு கோழிகள் பலியாயின.

இந்த நிலையில்தான் ரொட்டிக் கம்பெனி வேனுக்கு ஓட்டுநர் தேடியது. வெள்ளை வேன். கதவு உண்டு, கூரை உண்டு, மழையைத் துடைக்க வைப்பர்கூட உண்டு. முதல் தடவை உள்ளே ஏறி உட்கார்ந்தபோது அஃப்ரியேவுக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. மழைக்காலம் முழுக்க நனைந்தே ஓட்டியவளுக்கு அந்த வேன் வேண்டும், அவ்வளவு வேண்டும்.

பயிற்சி கொடுத்த போவாடி வெளியூர்க்காரர். டயர், பிரேக், விளக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் குண்டைத் தூக்கிப் போட்டார். "ஹாரன் ஆபத்துக்கு மட்டுந்தான். திங்கக்கிழமை பரீட்சையில காரணமில்லாம ஒரு தடவை அடிச்சாலும், எறங்கி வீட்டுக்குப் போயிடலாம்."

அன்று சாயங்காலமே வீட்டில் பயிற்சி தொடங்கிவிட்டது. அஃப்ரியே முக்காலியில் உட்கார்ந்து சட்டி மூடியை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டாள். புருஷன் ஒபெங் ஊராக நடித்தான். "இப்ப நான் மீன்காரி. பல்லைக் காட்டிக் கையாட்டுறேன். அடிக்காத."

கட்டைவிரல் தானாகப் போய் மூடியின் நடுவில் அமுக்கியது.

"போச்சு. வேலை போச்சு."

"நீ ஏன் அவ்வளவு ஆசையா கையாட்டுற?" என்று சிடுசிடுத்தாள். விரலில் துணி சுற்றிப் பார்த்தாள். துணியோடு சேர்ந்தே அமுக்கியது. ஒபெங் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விரலை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் ஊரிடமே போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, சாலை நெடுக ஒவ்வொருவரையும் பார்த்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டாள். "நாளைக்கு உங்களத் தாண்டிப் போவேன், ஹாரன் அடிக்க மாட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அப்ப நாளைக்குள்ளத இன்னைக்கே சொல்லிட்டுப் போ" என்றாள் மீன்காரி. அஃப்ரியே வாயாலேயே "பீப்" என்றாள். தையல்காரர் தனக்கு இரண்டு வேண்டும் என்றார். நாத்தனாரின் அடுப்பு மட்டும் ஆறிக் கிடந்தது. டச்சிவா வேறு ஊரில் துக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள், புதன்கிழமைதான் வருவாள். நிம்மதியாகப் போயிற்று.

திங்கட்கிழமை காலை அஃப்ரியே வேனைச் சுற்றிவந்தாள். டயரைத் தடவினாள், அடியில் குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தாள், பிரேக் எண்ணெய் அளவைக் காட்டினாள், தீயணைப்பானை எடுத்து வைத்தாள். "ஹாரன்?" என்றார் போவாடி. இது அனுமதிக்கப்பட்ட ஹாரன் ஆயிற்றே. ஆசை தீர அமுக்கினாள்.

"போதும்மா, வேலை செய்யுது."

வண்டி சந்தைச் சாலையில் திரும்பியதும் அவள் எதிர்பாராதது நடந்தது. ஹாரன் வராது என்று தெரிந்த ஊர், அந்தக் குறையைத் தானே தீர்த்துவிடுவதென்று முடிவு செய்திருந்தது. மீன்காரி முந்தானைத் துணியை வீசினாள், தையல்காரர் எழுந்து நின்று விசில் அடித்தார், இரண்டு பக்கமும் "அஃப்ரியே, அஃப்ரியே" என்று ஒரே கூச்சல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த போவாடி ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீ எலெக்‌ஷன்ல நிக்கிறியா?"

"இல்ல சார். சும்மா, தெரிஞ்சவங்க."

சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு வயிறு வலித்தது. சாலை முனை வந்தது. அடுப்பில் புகை. புகைக்குப் பின்னால், விசிறியும் கையுமாக, இரண்டு நாள் முன்னதாகவே திரும்பிவிட்ட டச்சிவா.

சிரிப்பு அப்படியே செத்தது. டச்சிவா வேனைப் பார்த்தாள், உள்ளே தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள், தலை நிமிர்த்திக் காத்திருந்தாள். அஃப்ரியேவின் விரல் ஹாரன் மேலே போய் நின்றது. அடித்தால் வேன் போச்சு, அடிக்காவிட்டால் நாத்தனார் போச்சு, இந்தத் தடவை இரண்டு கோழியில் அடங்காது. விரலை மடக்கிக்கொண்டாள்.

டச்சிவா அந்த மடங்கிய விரலையா பார்த்தாள்? விசிறியை இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே நடுச்சாலைக்கு இறங்கி வந்து நின்றுவிட்டாள்.

பிரேக்கும் ஹாரனும் ஒன்றாக விழுந்தன. வேன் அவள் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஹாரன் மட்டும் நிற்கவில்லை. நீளமாக, இழுத்து, ஊரெல்லாம் கேட்கும்படி.

டச்சிவா ஜன்னலுக்கு வந்தாள். "நல்லாத்தானே வேலை செய்யுது? இதை வரும்போதே அடிக்கறதுக்கு என்ன கேடு?"

போவாடிதான் கம்பெனிச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். டச்சிவா முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நான் சாவுற மாதிரி இருந்தாத்தான் எனக்கு மரியாதை."

"சட்டம் அப்படித்தாம்மா சொல்லுது" என்றார் போவாடி பாவமாக. பிறகு அஃப்ரியே பக்கம் திரும்பினார். "பிரேக் சரி. ஹாரன், அடிக்க வேண்டிய எடத்துல அடிச்சிருக்க. வண்டி உன்னோடது. போ, ரொட்டி ஆறுது."

இப்போது மழைக்காலம். தினமும் காலையில் வெள்ளை வேன் சாலை முனைக்கு வருகிறது, அஃப்ரியே நனையாமல் உட்கார்ந்திருக்கிறாள். வேனைக் கண்டதும் டச்சிவா விசிறியைக் கீழே வைத்துவிட்டு, தன் வலது காலை மட்டும் தார்ச்சாலையில் எடுத்து வைக்கிறாள்.