கடைசி வரியை மாற்றியது நான்தான்

அது ஒரு பழைய பிரிட்டிஷ் காமெடிப் படம். பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி, குழாய் ரிப்பேர் செய்ய வந்தவனைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறாள். மறுவாரமே அவனைத் திருத்தத் தொடங்குகிறாள். சூப்பைச் சத்தமில்லாமல் குடி, விருந்தாளி முன்னால் சட்டைக் கையை மடிக்காதே என்று ஒரே பாடம். முதல் தடவை பார்த்தபோது சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. அது எங்கள் அக்கா வீடு.

அக்கா சாத்தான்குளத்து வாத்தியார் குடும்பத்தின் மூத்த பெண், நான் இளையவள். தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் டீச்சர். அத்தான் வேம்பார்க்காரர், கடல்கார வீடு. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் டக் படகில் இன்ஜின் பார்க்கிறார். இரண்டும் கிறிஸ்தவ வீடுதான்; ஆனால் எங்கள் சபை வேறு, அவர்கள் கோயில் வேறு. இரண்டு பக்கமும் மூன்று வருஷம் முறைத்த பிறகுதான் கல்யாணம் நடந்தது.

எம்.ஏ. படித்த இரண்டு வருஷமும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அக்கா சண்டையைத் தொடங்கினால் அத்தான் சட்டையை மாட்டிக்கொள்வார். "காத்து மாறட்டும், வாரேன்" என்று கிளம்பிவிடுவார். ஒரு மணி நேரத்தில் மக்ரூன் பொட்டலத்தோடு திரும்புவார். காற்றும் மாறியிருக்கும்.

கடைசிச் சண்டையில் மாறவில்லை. கூட வேலை பார்க்கும் டீச்சரின் புது வீட்டு விசேஷத்தில், அக்கா அவரை "மரைன் இன்ஜினியர்" என்று அறிமுகம் செய்தாள். முன்பும் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவர் காதுபடச் சொன்னது அன்றுதான்.

"ஒங்க கூட்டத்துல நான் யாரா இருக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துரு. மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"அத்தன பேர் முன்னால டீயத் தட்டுல ஊத்திக் குடிச்சியளே, நான் ஏதாவது சொன்னேனா?" என்றாள் அக்கா.

மறுநாள் பெட்டியோடு சாத்தான்குளம் போய்விட்டாள். ஒரு மாதமாக அங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் டியூஷன் சென்டர் மாடியில் படம் போடுவோம். தமிழ் சப்டைட்டில் என் பொறுப்பு. இந்தப் படத்தைப் போட்டு, இருவரையும் அருகருகே உட்கார வைத்துச் சிரிக்க வைத்துவிட்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அந்தக் குழாய்க்காரனுக்கு அத்தானின் பேச்சையே எழுதினேன். அவன் "கெடக்கட்டும், வுடு" என்றான். "காத்து மாறட்டும்" என்றான். முடிவில் அவன் மனைவியிடம் ஆங்கிலத்தில் சொல்வது இது: "நான் போகிறேன். இனி எனக்காக நீ பொய் சொல்ல வேண்டாம்." அதை எழுத எனக்குக் கை வரவில்லை. "காத்து மாறட்டும், வாரேன்" என்று போட்டேன்.

அக்கா இரண்டு டீச்சர்களோடு வந்தாள். அத்தான் சலவைச் சட்டையில் வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் அவர் சிரிப்புத்தான் கூடத்திலேயே பெரிது.

பிறகு விருந்துக் காட்சி. "உங்கள் கணவர் என்ன செய்கிறார்?" என்று கேட்கிறார்கள். "நீரியல் இன்ஜினியர்" என்கிறாள் மனைவி. அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குழாய் வெடிக்க, அவன் கோட்டோடு தொட்டிக்கு அடியில் நுழைகிறான். கூடமே அதிர்ந்து சிரித்தது. அத்தான் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. அக்கா திரையைப் பார்க்காமல் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து படியிறங்கும்போது ஒரு டீச்சர் விளையாட்டாகக் கேட்டார்: "என்ன சார், நீங்களும் இன்ஜினியர்தான? எங்க வீட்டுக் குழாயப் பாக்க வாரியளா?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாளென்று நானும் பார்த்தேன். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

"ஆமா டீச்சர். வாரேன், வாரேன்" என்றார் அவரே.

டீச்சர்கள் ஆட்டோ ஏறிப் போனார்கள். அக்கா பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். அத்தான் என்னிடம் வந்தார்.

"ஏளா, கடைசில அவன் வேற என்னமோல்லா சொன்னான். நீ என் பேச்ச எழுதி வச்சிருக்க."

"சும்மா, ஒரு இதுக்காவ..."

"கப்பக்காரன் இங்கிலீசக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தெரியும். அவன் சொன்னதச் சொல்லு."

சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. அவர் தலையசைத்துக் கேட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து அக்காவிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டீச்சரம்மா," என்றார். குரலில் கோபமே இல்லை. "எனக்காவ இனி யார்ட்டயும் பொய் சொல்லாண்டாம், என்ன? போறேன்."

பைக் கிளம்பியது. துறைமுக ரோட்டில் உப்பு லாரிகளுக்கு இடையில் அந்தச் சலவைச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது.

சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. அத்தான் எத்தனை சண்டையிலும் சொன்னதில்லை.

"அவுக போறேன்னா சொன்னாவ?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"ஆமாக்கா."

"நல்லாக் கேட்டியா?"

சாத்தான்குளம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. தூத்துக்குடி வீட்டுச் சாவி இன்னும் அவள் பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கமும் நடக்காமல், அங்கேயே நின்றாள்.