கறுப்புச் சேட்டுக்காரன் செத்த கிழமை

1. காணிக் கோப்புக்குள் போன பக்கம்

எங்கள் கடை கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது. ஊரில் கொமியூனிக்கேசன் என்பார்கள். போட்டோக்கொப்பி, பிறின்ற், லமினேற், ஸ்பைரல் கட்டுதல், விண்ணப்பம் நிரப்புதல், எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். முதலாளி காசு மேசையில் இருப்பார், பேப்பர் வாசிப்பார், என்னை ஏசுவார். கடைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மெஷின் பழக்குவது பெரிய வேலை இல்லை. மெஷினோடு சம்பந்தமில்லாத சில விஷயங்களும் இந்த வேலைக்குள் இருக்கின்றன. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் வாங்கிக் கட்டிய ஏச்சில் இருந்து தொடங்குகிறேன். ஒருநாள் காலையில் உருத்திரபுரத்தில் இருந்து வந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தன் காணிக் கோப்பைக் கொப்பி எடுத்துக்கொண்டு போனார். பின்னேரமே திரும்பி வந்து ஒரு தாளை மேசையில் போட்டார்.

"தங்கச்சி, உது என்ர காணிக்குள்ளை எப்பிடி வந்தது?"

எடுத்துப் பார்த்தேன். ஒருவன் ஒரு பெண்ணைக் கதிரையில் கட்டிவைத்துவிட்டு, நீ எனக்குத்தான் என்று கர்ச்சித்துக்கொண்டிருந்தான். முதல்நாள் அடித்த நாவலின் பக்கம். மெஷினில் சிக்குப்பட்டுக் கிடந்து அவருடைய கோப்போடு வெளியே வந்திருக்கிறது.

"ரெண்டு பக்கமும் வாசிச்சனான்," என்றார் ஐயா. "கட்டிவைச்சவனைப் பெட்டை விரும்புறாளாம். அதுதான் எனக்கு விளங்கேல்லை."

எனக்கும் விளங்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் படி இறங்கியதும் முதலாளி தொடங்கினார். "நாளைக்குக் காணிக் கந்தோரிலை உந்தப் பக்கத்தைக் குடுத்திருந்தால் மனுசன்ர மானம் என்னத்துக்கு ஆகும்? உந்தக் குப்பையளை இனி இஞ்ச அடிக்காதை!"

"அண்ணை, உந்தக் குப்பைதான் எங்களுக்கு டோனர் வாங்குது," என்றேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

உண்மை அதுதான். கார்மன்ற்ஸ் தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்கள் பலர் இந்தத் தொடர்கதைகளை வட்சப்பில் கொண்டுவந்து பிறின்ற் அடிப்பார்கள். போனில் வாசித்தால் பிள்ளை பார்க்கும், புருஷன் பார்ப்பான். தாளில் என்றால் ஒளிக்கலாம். மேல் மட்டைக்குச் சாதாரண தர விஞ்ஞானக் கடந்தகால வினாத்தாள் ஒன்றைப் போட்டுக் கட்டித் தரச் சொல்லுவார்கள். வினாத்தாள் கட்டை வீட்டில் ஒருவரும் விரித்துப் பார்க்கமாட்டார்கள், படிக்கிற பிள்ளை அறவே பார்க்காது.

2. தேடினால் கிடைக்கிற கதை

அப்படி வருகிறவர்களில் ஒருத்தி சுகந்தி. தர்மபுரம். ஒரே மகள் உயர்தரம் படிக்கிறாள். கதை வாசிக்கத் தொடங்கும் முன்பே எனக்கு அவளைத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் கணவனின் படத்தை லமினேற் பண்ண வருவாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுத் தெருவோரக் கொட்டகையில் தாய்மாரும் மனைவிமாரும் இருக்கிறார்களே, அங்கே அந்தப் படம் வெயிலில் நின்று வெளிறிப்போகும். வெளிறியதை ஸ்கான் பண்ணி மறுபடி அடிப்போம். அடிக்க அடிக்க அந்த மனிதனின் மூக்கும் வாயும் மங்கிக்கொண்டு வந்தன. சுகந்திக்கு நான் அதைச் சொன்னதில்லை.

சண்டை முடிந்த நாட்களில், கைக்குழந்தையோடு அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அவனை மற்ற ஆண்களோடு ஒரு பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். யன்னலால் கை காட்டியிருக்கிறான். அவ்வளவுதான். இவள் இன்றுவரை பொட்டை அழிக்கவில்லை.

அவள் வாசித்த கதையில் நாயகி ஒருத்தி, நாயகர்கள் மூன்று பேர். முதலாமவன் எந்நேரமும் போட்டிருப்பது கறுப்புச் சேட்டு, கடத்துவது அவனுடைய தொழில் மாதிரி. இரண்டாமவன் பொலிஸ். மூன்றாமவன் டொக்டர், அவன்கூட மயக்க ஊசி போட்டுவிட்டுத்தான் காதலைச் சொல்லுகிறான். எழுதுகிறவர் இந்தியாவில் எங்கோ இருக்கிற ஒரு பெண். கிழமைக்கு ஒரு பகுதி வரும். பக்கம் சரிபார்க்கும்போது என் கண்ணிலும் படும். மூவரையும் மரத்தில் கட்டிவைத்து நாலு சாத்துச் சாத்தவேண்டும் போல எனக்கு இருக்கும்.

முதல் கட்டை வாசித்துவிட்டு வந்தபோது சுகந்தியின் முகம் சரியில்லை.

"எப்பிடிக் கதை?" என்று கேட்டேன்.

"தூக்கி எறியோணும் போலை கிடந்தது அக்கா. கறுப்புச் சேட்டுக்காரன் அவளின்ர கண்ணைக் கட்டி வானுக்குள்ளை இழுத்துப் போடுறான். அவள் அவன்ர சென்ற் மணத்தை ரசிச்சுக்கொண்டு போறாளாம். எழுதினவா ஒரு நாளும் அப்பிடி ஒரு வானைக் கண்டிருக்கமாட்டா."

போட்டோக்கொப்பிக்கு நின்ற இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன வான்களைப் பற்றி யாராவது கதைத்தால் தலை தானாகக் குனியும்.

"அப்ப அடுத்த பகுதி வேண்டாமோ?"

"வேணும். அடியுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திட்டித் திட்டி வாசிக்கிறீர், இதென்ன விசர்?"

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, அவள் தப்பித் தப்பி ஓடுறாள். பேரை மாத்துறாள், ஊரை மாத்துறாள். எண்டாலும் அவங்கள் தேடிக் கண்டுபிடிக்கிறாங்கள். எங்கை ஒளிச்சாலும் வந்து நிக்கிறாங்கள். தேடினால் ஆள் கிடைக்கிற கதை இது. அதுதான் வாசிக்கிறன்."

ஸ்பைரல் கம்பியை எடுத்து ஓட்டைகளுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன்.

3. செல்வம்

கொஞ்ச நாளில் கதை எங்கோ போய்விட்டது. நாயகி மூன்று பேரில் ஒருவனையும் விடமாட்டேன் என்று நின்றாள். கார்மன்ற்சில் சுகந்தியின் லைனில் மூன்று கட்சி. டொக்டர் கட்சிக்கும் பொலிஸ் கட்சிக்கும் சாப்பாட்டு நேரத்தில் வாய்ச்சண்டையாம்.

"மூண்டு பேரும் வேணுமாமோ? எடுபட்டவள்!" என்றேன் நான்.

"நானும் முதல்லை அப்பிடித்தான் ஏசினனான்," என்றாள் சுகந்தி. "பிறகு யோசிச்சுப் பாத்தன். ஒருத்தரையும் கைவிடத் தேவையில்லை எண்டால் அது எவ்வளவு நிம்மதி அக்கா."

அப்போதுதான் செல்வத்தைப் பற்றிச் சொன்னாள். மேசன், மனைவியை இழந்தவர். இவளுடைய அரைகுறை வீட்டுக்குச் சுவர் எழுப்ப வந்து, வேலை முடிந்த பிறகும் மழை வந்தால் கூரையைப் பார்க்க வருகிறவர். மகளும் அவரை மாமா என்று கூப்பிடுகிறாள், கட்டுங்கோ அம்மா என்று அவளே சொல்லியும்விட்டாள். செல்வம் களவாக இருக்கச் சம்மதிக்கவில்லை. பதிந்துதான் கட்டுவேன், நாலு பேருக்கு முன்னால் தலை நிமிர்ந்து கூட்டிக்கொண்டு போவேன் என்கிறார். பதிவதென்றால் முதல் புருஷனுக்கு மரணச் சான்றிதழ் வேண்டும்.

"நல்ல மனுசன் அக்கா. எனக்கு விருப்பம்தான்," என்றாள். "ஆனால் என்ர புருசனைச் செத்தவர் எண்டு நானே கையெழுத்து வைச்சால்தான் செல்வம் எனக்கு. அந்தக் கதைக்காரிக்கு மூண்டு பேர், ஒரு கையெழுத்தும் இல்லை. எனக்கு ரெண்டு பேர், ஒருத்தரை நான் கொல்லோணும்."

4. கறுப்புச் சேட்டுக்காரன் சாகிறான்

அந்தக் கிழமைப் பகுதியில் கறுப்புச் சேட்டுக்காரனின் கார் பாலத்தை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. நாயகி வெள்ளைச் சேலை கட்டினாள். முடிந்தது அவன் கதை.

சுகந்தி வேலை விட்டு நேரே கடைக்கு வந்தாள். போனை மகளும் எடுத்துப் பார்ப்பதால், அதில் தான் எழுதியது கிடக்கக்கூடாதாம். கடைக் கொம்பியூட்டரில் கொமெண்ட் போடச் சொன்னாள். அவள் சொல்ல நான் அடித்தேன்.

"உடம்பு கிடைக்கேல்லை எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறீங்கள். உடம்பு கிடைக்காத ஆளைச் செத்தது எண்டு எப்பிடி எழுதுவீங்கள்? உங்களுக்கு ஆர் சொன்னது?"

அதற்குக் கீழே பார்த்தால் சனம் கொதித்துக்கொண்டிருந்தது. சென்னை, மலேசியா, கனடா, மட்டக்களப்பு என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் எழுதியவரோடு சண்டை பிடித்தார்கள். அவனைக் கொண்டுவா, இல்லாவிட்டால் இனி வாசிக்கமாட்டோம் என்றார்கள். கண்டபடி கடத்தித் திரிந்த ஒரு கழிசடைக்காக இவ்வளவு பேர் அழுவார்களா என்று நான் வாயைப் பிளந்தேன்.

அடுத்த கிழமை அவன் உயிரோடு வந்துவிட்டான். மீனவர் யாரோ காப்பாற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். சுகந்தி ஒரு பெட்டி ரோல்ஸ் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்ன பிள்ளை விசேசம்?" என்று முதலாளி கேட்டார்.

"ஆள் உயிரோட வந்திட்டுது அண்ணை!"

முதலாளி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார். "எப்ப பிள்ளை? எங்கை இருந்தவராம்?"

சுகந்தியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அவரில்லை அண்ணை," என்றாள். "கதையிலை."

முதலாளி மெல்ல இருந்தார். ரோல்ஸை எடுத்துக் கடித்தார், விழுங்கினாரோ தெரியாது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கட்டுகளைக் குப்பை என்று சொன்னதில்லை.

5. எங்கே, எப்படி

பிறகு ஒரு சனிக்கிழமை சுகந்தி வந்து மரணப் பதிவு விண்ணப்பம் நிரப்பவேண்டும் என்றாள். செல்வத்துக்காக மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எத்தனை வருஷத்துக்குத்தான் ஒருத்தி பஸ் யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பது?

ஆனால் அவள் கணக்கு வேறு. "எங்கடை கிராம சேவகர் சொன்னவர், இதைக் குடுத்தால் கந்தோரிலை அறிவித்தல் ஒட்டுவினமாம். ஆருக்கும் ஆட்சேபனை இருந்தால் வந்து சொல்லலாமாம். கறுப்புச் சேட்டுக்காரன் செத்ததெண்டு எழுதின உடனை எத்தினை பேர் சண்டைக்கு வந்தவை, பாத்தனீங்கள்தானே? இவ்வளவு நாளும் இவர் உயிரோட இருக்கிறார் எண்டு நான் கத்தினன். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. செத்திட்டார் எண்டு சொல்லிப் பாப்பம். இவரைப் பிடிச்சு வைச்சிருக்கிறவைக்குப் பொறுக்காது. இல்லை, இவர் இருக்கிறார் எண்டு ஆரோ ஒருத்தர் சொல்லத்தானே வேணும்?"

"ஒருத்தரும் சொல்லாட்டில்?"

"அப்ப செல்வத்தைக் கட்டுறன்," என்றாள். ஆனால் அவள் குரலில் அந்தப் பக்கத்தை அவள் யோசித்த மாதிரி இல்லை.

நான் எழுதத் தொடங்கினேன். பெயர், ஊர், பிறந்த திகதி எல்லாம் சுகமாகப் போயின. எங்கே, எப்படி இறந்தார் என்கிற இடம் வந்தது.

"கடைசியாக் கண்ட இடத்தைப் போடுவமோ?" என்றேன்.

"கண்ட இடத்திலை உயிரோட எல்லோ நிண்டவர்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "முள்ளிவாய்க்கால் எண்டு போடுங்கோ. ஷெல் எண்டு போடுங்கோ. உடனை போனதா இருக்கட்டும் அக்கா. கிடந்து உத்தரிச்சதா வேண்டாம்."

எழுதினேன். அவள் கையெழுத்து வைத்தாள்.

அறிவித்தல் ஒட்டிய நாளில் இருந்து, வேலை முடிந்து வரும்போது வழியில் இறங்கி அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். கந்தோர் பூட்டியிருந்தாலும் கண்ணாடிக்குள்ளால் தெரியுமாம். கிளார்க்கிடம் ஆரும் வந்தார்களா என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பிள்ளையும் இவளைக் கண்டால் முதலே தலையாட்டத் தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் கதையின் புதுப்பகுதிகள் வந்தன. அவள் அடிக்கச் சொல்லவில்லை.

சான்றிதழ் வந்தது. கொப்பி எடுக்கக் கொண்டுவந்தாள். கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் முன் நான் வாசித்தேன். முள்ளிவாய்க்கால். ஷெல். நான் எழுதியது அப்படியே இருந்தது, கீழே அரசாங்க முத்திரை.

"ஒருத்தரும் சண்டைக்கு வரேல்லை அக்கா," என்றாள். "நான் சொன்ன பொய்யை அப்பிடியே அடிச்சுத் தந்திட்டினம். ஒரு எழுத்துக்கூட மாத்தேல்லை."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். கறுப்புச் சேட்டுக்காரனின் மிச்சப் பகுதிகளை அடித்துத் தரவா என்று கேட்டதும் நான்தான்.

"வேண்டாம். உயிரோட வந்தவன்ர கதை எனக்கென்னத்துக்கு," என்றாள்.

தை மாதம் செல்வத்துக்கும் அவளுக்கும் பதிவு நடந்தது. செல்வம் சொன்னபடி தலை நிமிர்ந்து கூட்டிக்கொண்டு போனார். நல்லாய்த்தான் வைத்திருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. படத்தை லமினேற் பண்ண இப்போது அவள் வருவதில்லை. மற்றப் பெண்கள் வருகிறார்கள், படங்களோடும் வினாத்தாள் மட்டை போட்ட கதைகளோடும்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவது ஒன்றுதான். மரணப் பதிவு விண்ணப்பத்தோடு யாராவது வந்தால் பேனையைத் திறக்க முதல் ஒரு கதிரையைப் போட்டு இருத்துங்கள். இருத்திவிட்டு, நான் சுகந்திக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததைச் சொல்லுங்கள்: "அம்மா, இதிலை நீங்கள் என்ன எழுதுறியளோ, அதைத்தான் அவையள் திருப்பித் தருவினம். இல்லையெண்டு சொல்ல அங்கை ஒருத்தரும் இல்லை." சிலர் அதற்குப் பிறகும் எழுதச் சொல்லுவார்கள். சிலர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். இரண்டு பேரையும் மறிக்காதீர்கள்.