ஒரு ரப்பர் பேண்டு, ரெண்டு ரப்பர் பேண்டு

கும்மிடிப்பூண்டி கம்பெனியில கண்ணு போன பிறகு, ஊட்டுல எனக்கு வழி காட்டினது ரப்பர் பேண்டுதான். பாட்டில்ல ஒண்ணு மாட்டியிருந்தா பாப்பாவோட காய்ச்சல் மருந்து. ரெண்டு மாட்டியிருந்தா என் இருமல் மருந்து. அது ஒரு சொட்டுகூடக் குழந்தைக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருந்தார். முப்பது வயசுக்கு மேல பிரெயில் கத்துக்கப் பொறுமையில்லாத எனக்கு இதுவே போதும்னு இருந்தேன்.

பொங்கலுக்கு ஊட்டைக் கழுவித் தர ஆர்.கே.பேட்டையிலிருந்து அக்கா வந்தா. சாமானையெல்லாம் இறக்கி, சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு அடுக்கிட்டு சாயங்கால பஸ்ஸுல போயிட்டா. பாட்டில்ல இருந்த அழுக்கு ரப்பர் பேண்டையெல்லாம் பிடுங்கி, போகிக்கு எரிக்கிற குப்பையில போட்டிருக்கா. பாசத்துலதான். அந்தப் பாசத்துல இடி விழ.

போகி அன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது. எம் பொஞ்சாதி கம்பெனியில முதல் ஷிப்டுக்குப் போயிருந்தா. செல்போனைக் கேட்லயே வாங்கி வச்சிடுவாங்க. ஒன்றரை வயசுப் பாப்பாவுக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. போன தடவை இப்படிக் காய்ச்சல் ஏறித்தான் வலிப்பு வந்துச்சு. சூடு தெரிஞ்ச உடனே மருந்து ஊத்தணும். கையில ரெண்டு பாட்டிலு. ஒரே உசரம், ஒரே மூடி. நாக்குல வச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒரே ஆரஞ்சு இனிப்பு. கடவுளே, எதை ஊத்துறது?

பாப்பாவைத் தோள்ல போட்டுக்கினு பக்கத்து ஊட்டுக் கதவைத் தட்டினேன். தெருவே கம்பெனிக்குப் போயிருந்துச்சு. அந்த ஊட்டுப் பொண்ணு மட்டும் இருந்தா. ஒரு பாட்டிலை நீட்டி, இன்னா எழுதியிருக்குன்னு படிக்கச் சொன்னேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணா."

கண்ணு இருந்து என்னத்துக்குன்னு கத்திட்டேன். இன்னிக்கும் அதுக்கு வெட்கமா இருக்கு. அவ அழுதுக்கினே அங்கேயே நின்னா. அப்புறம்தான் தோணுச்சு. முதல் எழுத்தைப் பார்த்து அப்படியே என் உள்ளங்கையில விரலால வரையச் சொன்னேன். கோட்டுல மேல மட்டும் வட்டம் இருக்கிற இங்கிலீஷ் பி வந்தா காய்ச்சல் மருந்து. ஒரு கோடு போட்டா, கீழே ஒரு வட்டம். பி இல்லை.

"மூடி மேல இருக்கிற மாதிரியா பிடிச்சிருக்கம்மா?"

தலைகீழாப் பிடிச்சிருந்த பாட்டிலை நிமிர்த்தி மறுபடி வரைஞ்சா. கோடு, மேல வட்டம். அந்த ஒரு எழுத்தை நம்பிப் பாப்பா வாயில ஊத்தினேன்.

மத்தியானம் வேர்த்து, காய்ச்சல் விட்டுச்சு. ஒரு கையில பாப்பா, மறு கையில அந்தப் பாட்டிலு. கீழே வச்சா மறுபடி எது எதுன்னு தெரியாமப் போயிடுமேன்னு, ஷிப்டு முடிஞ்சு பாப்பாவோட அம்மா வர்ற வரைக்கும் பிடிச்ச பிடியை விடாம உட்கார்ந்திருந்தேன்.