மைதிலி பாஸ் செய்யாத வெள்ளை

எங்கள் முதலாளி கோகுல்நாத்தின் ஏ.சி. அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. குளத்தில் அல்லிப் பூக்கள். மோனே என்ற பிரான்ஸ் நாட்டு ஓவியர் வரைந்ததன் அச்சு. சோபாவின் பச்சைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று வாங்கி மாட்டினார். வரைந்தது யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அப்படி ஒரு படத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளை அதே படத்தின் கீழே நிற்கவைத்து அவமானப்படுத்தினார்கள்.

நான் வேம்புலி. மண்ணூர்பேட்டையில், விபத்தில் அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் பட்டறையில் டிங்கர். நசுங்கிய தகரத்தைத் தட்டி நேராக்குவது என் வேலை. நான் தட்டி முடித்ததும் பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பார்கள். அந்தப் பெயின்டைக் கலந்து கொடுப்பவள் மைதிலி. பழைய கதவுக்கும் புதிதாக அடித்த கதவுக்கும் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒன்றானதா இல்லையா என்று பார்த்து, ஷேடு கார்டில் கையெழுத்துப் போடுவதும் அவள்தான். இந்தக் கார்த்திகை வரை, பதினொரு வருடமாக, அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போனதில்லை.

அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டாங்கித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். பள்ளியில் படிக்கும்போது நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் அவள் கையில் கிடைத்திருக்கிறது. முழுக்க அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவியர்கள். அதிலிருந்து பிடித்தது பைத்தியம். சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்துவிடுவாள். ரெனுவார் என்ற ஓவியர் பதின்மூன்று வயதில் பீங்கான் தட்டுகளுக்குப் பூ வரைகிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவராம். பிறகு இயந்திரத்தில் அச்சடித்த தட்டுகள் வந்து அந்த வேலையே போனதாம். "அவரும் நம்மள மாதிரி பட்டறை ஆளுதான் அண்ணே" என்பாள். சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிற பெருமை அவள் முகத்தில் தெரியும்.

நாங்கள் அவளைக் கிண்டல் செய்யாத நாளில்லை. "இன்னாம்மா, உங்க பிரான்ஸ் மாமா இன்னிக்கு இன்னா சொன்னாரு?" என்று நானே கேட்டிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நிழல் கறுப்பு இல்லை, அதற்குள் நீலமும் ஊதாவும் இருக்கிறது என்று முதலில் அடம்பிடித்தது அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்தான் என்பாள். அரைகுறைப் படம், பூச்சு வேலை என்று அன்றைக்கு ஊரே சிரித்திருக்கிறது. இன்றைக்குத் தலையணை உறையிலும் செல்போன் கவரிலும் அதே படங்கள். சிரித்தவர்களின் பேரன் பேத்திகள்தான் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அவள் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். தண்ணீருக்குக் கொஞ்சம் ஊதா, கொஞ்சம் ஆரஞ்சு என்று பொட்டுப் பொட்டாக வைத்திருந்தாள்.

"ஏரித் தண்ணி எங்கம்மா ஊதாவா கீது?" என்றேன்.

"தெரிஞ்சத மறந்துட்டுப் பாருங்கண்ணே. கரையோட நிழல் விழுற எடத்துல பாருங்க."

பார்த்தேன். ஊதாவாகத்தான் இருந்தது. நான் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். ஐம்பது வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

பட்டறையிலும் அவள் முறை அதுதான். கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் கலந்துவிட்டு, அதற்குமேல் கண்ணை நம்புவாள். பெயின்ட் அடித்த கதவை வாசலுக்குத் தள்ளச் சொல்லி, காலை பத்து மணி, உச்சி, மாலை நான்கு என்று மூன்று தடவை வெயிலில் பார்ப்பாள். மோனே ஒரே வைக்கோல் போரை வேளைக்கு ஒரு கான்வாஸ் துணியில் வரைந்தாராம். வெளிச்சம் மாறினால் அந்தத் துணியை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம். "ட்யூப் லைட்டுல ஒண்ணா தெரியுற ரெண்டு வெள்ளை வெயிலுக்குப் போனா சண்டை போடும்" என்று அவள் சொன்னதை நாங்கள் யாரும் மறுத்ததில்லை, ஏனென்றால் பதினொரு வருடத்தில் ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை.

கார்த்திகை மாதம் ஹேமநாதன் என்பவரின் வெள்ளைக் கார் வந்தது. அம்பத்தூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். பைபாஸில் லாரி உரசி இடது கதவு நசுங்கிப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் கல்யாணம். மாப்பிள்ளை மண்டபத்துக்குப் போவது அந்தக் காரில்தான். நான் தட்டி முடித்தேன், பெயின்டும் அடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க மழை. வானம் மூடியே கிடந்தது. மைதிலி கதவை ஐந்தாறு தடவை வந்து பார்த்தாள்.

"மஞ்சள் ஒரு சொட்டுக் கூடின மாதிரி இருக்கு சார். வெயில் வராம என்னால சொல்ல முடியாது. நாளைக்குக் காலைல பாத்துட்டு, வேணும்னா இன்னொரு கோட்டு அடிச்சுடலாம். மத்தியானம் வண்டியக் குடுத்துடலாம்" என்று கோகுல்நாத்திடம் சொன்னாள். ஐந்தரைக்கு அண்ணனூர் போக ரயில் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

ஆறு மணிக்கு ஹேமநாதன் குடும்பத்தோடு வந்து நின்றார். "நாளைக்கு சனிக்கிழமைங்க. சனிக்கிழமைல எங்க ஊட்ல யாரும் பட்டறைலேருந்து வண்டிய வெளிய எடுக்க மாட்டோம். இன்னிக்கே குடுத்துடுங்க" என்றார். எலுமிச்சம்பழம், கற்பூரம், பூமாலை எல்லாம் பையில் தயாராக இருந்தன. கோகுல்நாத்துக்கும் வேறு யோசனை ஓடவில்லை. சனிக்கிழமை ஆகாது என்றால் ஆகாது, நானும் இந்தப் பக்கத்தில் பிறந்தவன்தானே, எனக்கும் அது சரியாகவே பட்டது. ஷேடு கார்டை பானெட்டின் மேல் வைத்து, "வேம்புலி, நீ ஒரு கையெழுத்து போடுப்பா, சீனியர் ஆளு" என்றார்.

போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் போய்விட்டது. சனிக்கிழமை காலை மைதிலி வந்து கேட்டதற்கு, கஸ்டமர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று மட்டும் சொன்னார் கோகுல்நாத்; கார்டு அவர் மேஜையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. திங்கட்கிழமை காலை ஹேமநாதன் காரை வாசலில் நிறுத்திவிட்டுக் கத்திக்கொண்டே உள்ளே வந்தார். கல்யாண வீட்டில் அத்தனை பேரும் கேட்டார்களாம், கதவு மட்டும் வேறு பழைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டியதா என்று. போட்டோக்களில் எல்லாம் அந்தக் கதவுதான் முன்னால் நிற்கிறதாம்.

கோகுல்நாத் ஹேமநாதனை அறையில் சோபாவில் உட்காரவைத்துவிட்டு மைதிலியைக் கூப்பிட்டார். வேறொரு வண்டியின் சாவியைக் கொடுக்கப் போன நானும் அங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னா மைதிலி இது? ஷேடு உன் பொறுப்புதானே?"

"நான் பாஸ் பண்ணல சார். நாளைக்குப் பாக்கணும்னு உங்ககிட்டதானே சொல்லிட்டுப் போனேன்?"

"கஸ்டமர் முன்னாடி என்கிட்ட வாய் பேசாத. வெள்ளைன்னா வெள்ளை. இதுல என்ன பெரிய வித்தை? கலக்குறப்பவே ஒழுங்கா கலந்திருக்கணும்."

அவள் அவர் தலைக்குப் பின்னால் கையை நீட்டினாள். "அந்தப் படத்துல இருக்குற பூவ ஒரு தடவ பாருங்க சார். அதுல வெள்ளை எங்க இருக்கு? ரோஸ், நீலம், மஞ்சள் எல்லாம் இருக்கு. தள்ளி நின்னா வெள்ளையாத் தெரியும். அதப் போட்டவங்க வெயில்ல நின்னு பாத்தாங்க."

கோகுல்நாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். தவறு தன்னுடையது என்று எழுதி, ஹேமநாதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம். வெட்கம் கெட்ட மனிதர். வெள்ளிக்கிழமை நடந்தது அத்தனையும் அவருக்குத் தெரியும்.

மைதிலி கார்டை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தாள். "இது என் கையெழுத்து இல்ல" என்று மட்டும் சொன்னாள். யாருடையது என்று சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. தாளில் 'இந்த வெள்ளையை நான் பாஸ் செய்யவில்லை' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்திட்டு மேஜையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பதினொரு வருட வேலை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான் கேட் வரைக்கும் ஓடினேன். "மைதிலி, மன்னிச்சுக்கோம்மா. நான்தான் போட்டேன். அந்தாளு சொன்னாரு, நானும்..."

"உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதாண்ணே?" அவ்வளவு கோபத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. "போடுறதுக்கு முன்னாடி கதவ ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

எனக்குப் பொய் வரவில்லை. "பாக்கலம்மா."

"ட்யூப் லைட்டுல பாத்து ஏமாந்திருந்தீங்கன்னா எனக்குக் கோவமே வந்திருக்காது. யாரா இருந்தாலும் ஏமாறுவாங்க. நீங்க பாக்கவே இல்ல."

போய்விட்டாள். கேட்டுக்கு வெளியே அந்தக் கார் நின்றிருந்தது. பத்து மணி வெயில் நேராகக் கதவில் விழுந்தது. மஞ்சள். படிப்பும் புத்தகமும் எதற்கு, தெருவில் போகிற யாருக்கும் தெரிகிற மஞ்சள். உள்ளே போய் ஹேமநாதன் எதிரில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். கோகுல்நாத் அவர் தோளில் கைபோட்டபடி வாசலுக்கே வந்துவிட்டார். புதிதாக அடித்துத் தருவதாகச் சமாதானம் பேசி முடித்திருந்தார். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேம்புலி, இனிமே ஷேடையும் நீயே பாத்துக்கோப்பா. கையெழுத்துதானே?" என்று ஷேடு கார்டுக் கட்டை நீட்டினார்.

கோகுல்நாத்தை இவ்வளவு திட்டி எழுதிவிட்டேன். அத்தனையும் அவருக்குத் தகும். ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையை நீட்டி அந்தக் கார்டுகளை வாங்கிக்கொண்டேன்.