செக்ரட்டரி ஐயாவுக்கு அக்கா அடித்த துக்க மணி

எங்கள் அன்பு அக்கா கர்த்தருடைய நிழலில் இளைப்பாறச் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும்போதே பலருக்குக் கண் கலங்கும் என்று தெரியும். ஆனால் அக்காவைப் பற்றி அழும்படியாக எழுத எனக்கு வரவில்லை. பொறுத்தருள்க.

அக்கா மாதனூரில் பிறந்தார். அப்பா திடீரென்று காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு, ஆம்பூரில் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சேர்ந்தார். அந்த உழைப்பில்தான் தங்கையான நான் ஆசிரியை ஆனேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "என் சத்தத்தைத் தாங்குற மாப்பிள்ளை கெடைக்கலடி" என்பார்.

வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய எங்கள் ஆலயத்தில் மணி அடிக்க ஆள் இல்லாமல் போனபோது, அக்கா தானாகவே போய்க் கயிற்றைப் பிடித்தார். அதன்பின் ஞாயிறு ஆராதனை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர் கைதான்.

பிறகு ஆலயக் கமிட்டியின் செக்ரட்டரி ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய கோபுரம் அதிர்கிறதாம்; மணிச்சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டால் போதுமாம். பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் இன்ஜினியர் வந்து பார்த்து, கோபுரம் உறுதியாக இருக்கிறது என்று சொல்லியும் ஐயா கேட்கவில்லை.

"சுவிட்ச் போட்டா அது மணியாங்கய்யா? காலிங் பெல்லு!" என்றார் அக்கா.

முடிவெடுக்கக் கமிட்டி கூட வேண்டிய நாளுக்கு முன்பு ஐயா காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த நாளும் வந்தது. கூட்டம் உண்டா என்று கேட்க அக்கா அவர் வீட்டுக்குப் போன் செய்தார். பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்க, ஐயாவின் மருமகள் எடுத்தார்.

"மாமா காலையிலயே போய்ட்டாருக்கா..."

அதற்குமேல் அக்கா கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிப்போய்த் துக்க மணியை அடித்துவிட்டார். எதிரியாக இருந்தாலும் குறைவைக்கக் கூடாது என்று வழக்கத்தைவிட நீளமாகவே அடித்தார்.

காய்ச்சல் விட்டதால் குடியாத்தம் போய்த் தன் தங்கையைப் பார்த்துவிட்டு மதியம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஐயா, தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்துப் பதறினார்.

"யாருப்பா தவறிட்டாங்க?"

"நீங்கதாங்கய்யா" என்றார் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்.

வாசலில் மருமகள், மாமா ஊருக்குத்தான் போயிருக்கிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார். தோல் மண்டி வைத்திருக்கும் பாய் கடையை மூடிவிட்டு ரோஜா மாலையோடு நின்றிருந்தார். "ஐயா, கட்டச் சொல்லி வாங்கிட்டேன். இத இப்போ இன்னா பண்றது?" என்று அவர் கேட்க, வருடக்கணக்கில் பேசாமலிருந்த ஐயாவின் தம்பி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மாலையில் கமிட்டி கூடியது. அக்கா கோபுரச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். வேலை போய்விட்டது என்றே நானும் நினைத்தேன். ஐயா சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, எங்கியோ பாட்டு போடுறாங்கன்னு எல்லாரும் வீட்லயே இருந்திருப்பாங்க. என் தம்பி வந்திருக்க மாட்டான். மணி இருக்கட்டும். இந்தம்மாவே அடிக்கட்டும்" என்றவர், "ஆனா மொதல்ல அவங்க கையில இருக்கற போனைப் புடுங்குங்க!" என்றார்.

அன்று சிரித்ததுபோல் எங்கள் கமிட்டி அதற்குப் பிறகு சிரித்ததில்லை. ஆயர் நேரில் பார்த்து உறுதி செய்யாமல் துக்க மணி அடிக்கக் கூடாது என்ற விதியும் அன்றுதான் வந்தது.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் நர்சம்மாக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். அவர் கண்மூடிய காலையில், விதியை மீறாமல் ஆயர் ஆம்பூரிலிருந்து நேரில் வந்து பார்த்து, துக்க மணி அடிக்கச் சொல்ல வெளியே போய் ஆலயத்துக்குப் போன் செய்தார். பேச ஆரம்பித்தவர் அழுதுவிட்டார்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய பாய் குடும்பத்தாருக்கும், லீவு போட்டு வந்த கம்பெனித் தோழிகளுக்கும் நன்றி. அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கயிற்றைத் தொட மனமில்லாமல் நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐயாவின் மருமகள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் மணியை அடித்தார். அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.