‘பழைய காட்சி’ என்று போடாத மதியம்

எங்கள் கேமராக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ஸ்டாண்டு. கேமரா நிறுத்தும் முக்காலியைத் தோளில் சாத்திக்கொண்டுதான் எங்கும் வருவார். தூங்கும்போதாவது இறக்கி வைப்பாரா என்று அவர் மனைவியையே கேட்டுக் கேலி செய்வார்கள். பத்தொன்பது வருடம் அதே உள்ளூர் சேனல். நான் அங்கே செய்தி வாசித்தவள். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அன்றைக்கு அந்தப் பொய்யை வாசித்த வாய் என்னுடையது.

ஒரு காலத்தில் நாங்கள் பதினோரு பேர். தண்ணீர் வராத தெருவோ, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயமோ, எங்கள் செய்தியில் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. கூட்டத்தில் ஸ்டாண்டு நுழைந்தால், “டிவிக்காரர் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா” என்பார்கள். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. முதலாளி கீழ்த்தளத்தை மெத்தைக் கிடங்குக்கு விட்டார். மாடியில் ஒரு அறை, செய்தி வாசிக்க அதில் பொருத்திய பழைய கேமரா, வெளியே எடுத்துப்போக ஒரு கேமரா, ஸ்டாண்டு, நான், அவ்வளவுதான் மிச்சம். படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, சம்பவ இடத்திலிருந்து பேசுவது எல்லாம் அவர். திரையில் எழுத்துப் போட ஒரு பெண் இருந்தாள். பழைய படத்தை ஓட்டினால் மூலையில் ‘பழைய காட்சி’ என்று போடுவது அவள் வேலை. அவளையும் அனுப்பிய பிறகு அந்த இரண்டு வார்த்தையை யாரும் போடவில்லை. போன வருட மழையை இந்த வருட மழை என்று ஓட்டினோம். யாரும் கேட்கவில்லை, பார்த்தால்தானே கேட்பதற்கு.

அந்த வியாழக்கிழமை காலை காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் இரண்டு கோஷ்டிகள் மோதிக்கொண்டன. எந்த லாரியை யார் இறக்குவது என்று வாய்ச்சண்டையில் ஆரம்பித்து, மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியில் வந்து நின்றது. ஒரு இளைஞன் கழுத்தில் கொக்கி இறங்கியது. தக்காளிக் கூடைகள்மேல் விழுந்தவன் எழவில்லை. ஸ்டாண்டு அதைப் படம் பிடிப்பதைப் பார்த்து நாலு பேர் பாய்ந்தார்கள். அவருடைய முக்காலியாலேயே அவர் முழங்கையை உடைத்தார்கள். கேமராவை மிதித்து நொறுக்கி, படம் பதிவான மெமரி கார்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

கை தொங்க, புருவத்தில் ரத்தம் வழிய மாடி ஏறி வந்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே,” என்றேன். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

“படம் எங்கய்யா?”

“புடுங்கிட்டாங்க முதலாளி.”

“ஊரே பத்தி எரியுது, நம்மகிட்ட படம் இல்லன்னா எதுக்கு இந்தக் கடை? ரெண்டு மணிச் செய்தியில படம் வரல, இன்னிக்கே பூட்டிடுவேன்.”

பூட்ட ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்த மனுஷன். மனசாட்சியை மெத்தையோடு சேர்த்து வாடகைக்கு விட்டிருந்தார்.

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். ஸ்டாண்டு ஒற்றைக் கையால் தேடி, நாலு வருடம் முந்தைய சந்தைச் சண்டை ஒன்றை எடுத்தார். அதே கூரை, அதே கூடைகள், அதே கொக்கிகள். நடுவில் ஒருவர் கொக்கியை ஓங்கிக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறார்.

“இது பழசுண்ணே.”

“தெரியும்மா. இந்த ஒரு தடவதான்.”

‘இன்று காலை நடந்த கொலைவெறித் தாக்குதலின் காட்சிகள்’ என்று வாசித்தேன். ‘இன்று’ என்பதை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை.

கொக்கி ஓங்கியவர் அந்தச் சண்டையோடு மூட்டை தூக்குவதையே விட்டுவிட்டு, கால்வாய்த் தெருவில் பஞ்சர் கடை போட்டவர். ஸ்டாண்டின் வண்டிக்கும் அவர்தான் ஒட்டுவார், கடை பூட்டியிருந்தால் ஸ்டாண்டு வீட்டுக்கே போய்க் கூப்பிடுவார். அன்று அவர் சந்தைப் பக்கமே போகவில்லை.

யாரோ ஒருவன் டிவி திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டான். அரை மணி நேரத்தில் அது எங்களுக்கே வந்தது, ‘கொலைகாரன் இவன்தான்’ என்று, தெருப் பெயரோடு. நான் மறுபடி திரையில் தோன்றி, அது பழைய படம், இவர் ஒரு பாவமும் அறியாதவர் என்று மூன்று முறை சொன்னேன். அதை ஒருத்தரும் அனுப்பவில்லை. போலீசுக்குப் போன் செய்தால், ஆட்கள் எல்லாம் சந்தையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

“நேர்ல போய்ச் சொல்லிடலாம், வாம்மா,” என்றார் ஸ்டாண்டு. என் ஸ்கூட்டரில் உடைந்த கையோடு ஏறிக்கொண்டார்.

பஞ்சர் கடை எரிந்துகொண்டிருந்தது. டியூப் கருகி வந்த புகையில் கண் திறக்க முடியவில்லை. முப்பது நாற்பது பேர், கையில் கொக்கி, கட்டை. கடைக்குப் பின்னால் சந்தில் ஒரே மாதிரி எட்டு வீடுகள். எது அவர் வீடு என்று தெரியாமல் கதவு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன என்று நின்றார்கள்.

ஸ்டாண்டு நடுவில் போய் நின்றார். “அது பழைய படம்பா. நான்தான் எடுத்தேன், நான்தான் போட்டேன். என் தப்பு.”

“நீ யாருய்யா?”

“டிவிக்காரன்.”

“எந்த டிவி?” என்றான் ஒருவன். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. இன்னொருவன் உடைந்த கையிலேயே கட்டையால் போட்டான். கீழே விழுந்தவர் எழுந்து சந்துக்குள் ஓடினார். அவர்களும் ஓடினார்கள். எச்சரிக்க ஓடுபவர் தெரியாமலே வழிகாட்டுகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. “போகாதீங்கண்ணே” என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை.

நேராக மூன்றாவது கதவைத் தட்டினார். “நான்தாம்மா, டிவிக்காரன். பின்பக்கமா ஓடிடுங்க.”

தாழ்ப்பாள் விலகியது.

அவரை மிதித்துக்கொண்டு கூட்டம் உள்ளே போனது. பஞ்சர் கடைக்காரரை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்கள். ஸ்டாண்டு தவழ்ந்து போய் அவர்மேல் படுத்தார். இவரைப் பிய்த்து எறிந்துவிட்டு அவரைக் கொத்தினார்கள். சிலர் கொத்தினார்கள், பலர் போனில் படம் பிடித்தார்கள். போலீஸ் ஜீப் வந்தபோது சுவரெல்லாம் ரத்தம், பஞ்சர் கடைக்காரர் உயிரோடு இல்லை.

அந்த வாரமே சேனலைப் பூட்டினார்கள். ஸ்டாண்டு போலீசில் ஒன்றையும் மறைக்கவில்லை. வழக்கு நடக்கிறது, நானும் ஒரு சாட்சி. கை கோணலாகத்தான் கூடியது.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போவோம் என்றார். போனோம். கதவைத் தட்ட அவருக்குத் தைரியமில்லை. வாசலிலேயே நின்றோம். குடத்தோடு வெளியே வந்த பஞ்சர் கடைக்காரரின் மனைவி எங்களைப் பார்த்தார். குடத்தை இறக்கி வைத்தார்.

“நாலு தடவ தட்டினாங்க. தொறக்காதேன்னு அவரு என் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு,” என்றார். “உங்க குரல்னுதான் நான் தொறந்தேன்.”